மூன்றா எட்டா

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் இங்கே சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கடைக்கும் வீட்டுக்கும் மாடிப்படியில் ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள் என்று போன தடவையே சொன்னேன். கேட்டிருக்க மாட்டாய்.

கையெழுத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்திருப்பாய். உங்கள் இருவரின் கணக்கு விளையாட்டில் நான் இதுவரை மூக்கை நுழைத்ததில்லை. இந்தத் தடவை அவர் என்னை எழுதச் சொல்கிறார். துறைமுகத்தில் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கின்றனவாம், கிரேனில் ஏறினால் இறங்க நேரமில்லையாம். "கை அசந்துபோச்சு, நீ எழுது, நான் சொல்றேன்" என்று ஒரு தாளைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். இனி அவர் சொல்வது:

"மச்சான், போன தடவை நீங்க அனுப்பின நம்பரை ஒரே வாரத்துல உடைச்சேன். இப்ப என் முறை. இது ஒரு கன்டெய்னர் கதவுல இருந்த நம்பர். முந்தின மழைக்காலத்துல முடிச்சு எடுத்து வெச்சது. ஒண்ணையும் தன்னையும் தவிர வேற எதாலயும் வகுபடாது, சுத்தமான பகா எண். முடிஞ்சா உடைச்சுப் பாருங்க. வழக்கம்போல கால்குலேட்டரைத் தொடக்கூடாது. நம்பர் 8021377."

அவ்வளவுதான். நேரத்துக்குச் சாப்பிடு. கடையிலேயே பன்னும் டீயுமாக ஒப்பேற்றாதே.

உன் தங்கை


ஜனவரி 19

தங்கச்சிக்கு,

முழங்கால் இருந்த இடத்தில் இருக்கிறது. பன்னும் டீயும் கூடத்தான்.

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன். பழுதுக்கு வந்த கைக்கடிகாரம் ஒன்று திறந்து கிடந்தது, அதை அப்படியே மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். டீ ஆறுவதற்குள் மாப்பிள்ளையின் பகா எண் பல்லிளித்துவிட்டது! ஏழால் வகுத்தேன், மீதி இல்லை. வந்ததைப் பதின்மூன்றால் வகுத்தேன், அதிலும் மீதி இல்லை. அதற்குப் பிறகு கொஞ்சம் முரண்டு பிடித்தது. சாயங்காலம் கடையைச் சாத்துவதற்குள் அதையும் பிளந்துவிட்டேன். 7 × 13 × 181 × 487. பெருக்கிப் பார்த்துக்கொள்ளச் சொல்.

எனக்கு ஒன்று புரியவில்லை. உனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இதை விளையாடுகிறோம். ஒரு தடவைகூட அவர் இப்படிச் சோடையான எண்ணை அனுப்பியதில்லை. ஏழால் வகுத்துப் பார்க்க மறக்கிற ஆளா அவர்? இல்லை, இந்தக் கிழவனுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டாரா? கடிதத்தையும் அவர் கையால் எழுதவில்லை. என் மேல் ஏதாவது வருத்தமா? கேட்டு எழுது.

அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குத்தான் காய்ச்சல். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மனிதர் கொதித்துவிட்டார்.

"ஏழாவது, பதிமூணாவது! உங்க அண்ணனுக்குக் கணக்கே மறந்துபோச்சு. ஏழால வகுத்தா மீதி ரெண்டு. தாள்லயே போட்டு வெச்சிருக்கேன்."

நான் தையல் யூனிட்டில் துணி வெட்டுகிறவள். எனக்குத் தெரிந்த கணக்கு அளவு நாடாவோடு சரி. ஆனாலும் ஒரு ஏழால் வகுக்க வராதா? வகுத்தேன். நீ சொன்னதுதான் சரி, ஒன்றும் மிஞ்சவில்லை. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் தாளைப் பார்க்கவே இல்லை. "நீ தப்பா வகுத்திருக்க" என்று எழுந்து போய்விட்டார். அன்றைக்கு என்னோடு பேச்சே கிடையாது.

அண்ணா, யார் சொல்வது சரி என்றே தெரியாமல் நடுவில் நிற்கிறேன். கணக்கு என்றால் எல்லாருக்கும் ஒரே விடைதானே வர வேண்டும்?

உன் மேல் வருத்தமா என்று கேட்டேன். "அவர் மேல எனக்கென்ன வருத்தம்" என்கிறார். அதற்கு மேல் பேச மாட்டேன் என்கிறார். இப்போதெல்லாம் எதிலும் பிடிப்பில்லை. செய்தித்தாளைக்கூட என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். கூடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று புது பல்பு வாங்கி மாட்டினார், இதுவும் உதவாது என்று அதையும் கழற்றி வைத்துவிட்டார். வேலை அலுப்பாக இருக்கும்.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தடவு. அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே.

தங்கை


பிப்ரவரி 9

தங்கச்சிக்கு,

தைலம் வந்தது. தடவினேன். கடை முழுக்க நெடி. ஒரு வாடிக்கையாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டே கடிகாரத்தை நீட்டினார்.

நீ இருக்கும் குழப்பத்தில்தான் நானும் இருக்கிறேன். எனக்கு மீதி இல்லை, உனக்கும் இல்லை, மாப்பிள்ளைக்கு மட்டும் ரெண்டு. அதெப்படி? போன வருஷம் அங்கே வந்திருந்தபோது, "இத்தனை வயசுக்கு மேல எதுக்கு அந்த உசரத்துல தொங்கிட்டு இருக்கீங்க, கீழே சூப்பர்வைசர் வேலைக்கு வந்துடுங்களேன்" என்று வாய்த்துடுக்காகச் சொல்லிவிட்டேன். சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கை கழுவினார். அதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாரோ என்று ராப்பகலாக உறுத்துகிறது. அப்படியிருந்தால் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்.

அதோடு, அவர் வகுத்துப் பார்த்த தாள்கள் இருக்குமே, அவற்றை அப்படியே அனுப்பு. எங்கே இடறினார் என்று பார்த்துவிடுகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? நான் ஒரு மாதிரி இருக்கிறேன்.

அவர் வேலைக்குப் போன பிறகு தாள்களைத் தேடி எடுத்தேன். கட்டாக இருந்தன. முதல் தாளை இரண்டு தடவை படித்தேன். அதில் 8021377 இல்லை. 3021377 என்று இருக்கிறது. முதல் இலக்கம் மூன்று. அவர் கையெழுத்துதான், அச்சடித்த மாதிரி தெளிவாக இருக்கிறது. எல்லாத் தாளிலும் மூன்றேதான். ஏழுக்கு நேரே மீதி இரண்டு என்றும் போட்டிருக்கிறார்.

சாயங்காலம் கேட்டேன், "என்னங்க, இதுல மூணுன்னு இருக்கு. அன்னிக்கு எட்டுன்னு சொன்னீங்களே?"

"எட்டுன்னு நான் எங்க சொன்னேன்? நீதான் தப்பா எழுதியிருக்க."

"நீங்க சொன்னதைத்தாங்க எழுதினேன்."

"அப்ப உன் காதைக் காட்டிட்டு வா."

சரி, இப்போது ஒரு தடவை படித்துக் காட்டுங்கள் என்று தாளை நீட்டினேன். வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "எனக்கு வேற வேலை இல்லையா" என்று மேஜைமேல் கவிழ்த்துப் போட்டுவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அண்ணா, அவர் எட்டு என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் இத்தனை உறுதியாக மறுக்கிறாரே, நான்தான் வேறு நினைப்பில் எழுதிவிட்டேனோ? மூன்றும் எட்டும் சத்தத்தில் ஒன்று போலவா இருக்கின்றன? தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் மன்னிப்பைச் சொன்னேன். "அதை நான் அப்பவே மறந்துட்டேன்" என்றார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

தங்கை


ஏப்ரல் 5

தங்கச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. 3021377 என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

மாப்பிள்ளையின் தாளைப் பார்த்துக்கொண்டு போட்டால் அது பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுவது மாதிரி. அதனால் தாள்களை மடித்து வைத்துவிட்டு, கடை ஓய்ந்த நேரமெல்லாம் நானே இரண்டிலிருந்து தொடங்கினேன். 1738ஐ அதே 1738ஆல் பெருக்கினால் இந்த எண்ணை ஒட்டி வந்துவிடும். அதனால் அதுவரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மொத்தம் இருநூற்று எழுபது. கடைசி 1733. ஒன்றுகூட மீதியில்லாமல் போகவில்லை! சுத்தமான பகா எண்தான். மாப்பிள்ளையிடம் சொல், அவர் ஜெயித்துவிட்டார். நான் பேசிய கேலிப் பேச்செல்லாம் வாபஸ்.

முன்னால் நிற்கிற மூன்றை எட்டாக்கினால் ஐம்பது லட்சம் கூடுகிறது, நாலாகச் சிதறிப்போகிறது. மூன்றாக விட்டால் எதற்கும் அசையாது. அவர் கணக்கும் சரி, என் கணக்கும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு எண்ணை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறோம்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. உன் காதில் கோளாறு இல்லை. மூன்றையும் எட்டையும் காது குழப்பிக்கொள்ளாது, கண்தான் குழப்பிக்கொள்ளும். என் கடைக்குச் சில பேர் வருவார்கள், "டயல்ல நம்பர் அழிஞ்சுபோச்சு, மாத்திக் குடுங்க" என்பார்கள். லென்ஸை வைத்துப் பார்த்தால் நம்பர் அப்படியே இருக்கும். அழிந்தது டயலில் இல்லை.

ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். கொஞ்சம் எண்கள் எழுதியிருக்கிறேன். அடுத்த ஆட்டத்துக்கு அண்ணன் அனுப்பியது என்று சொல்லி அவரிடமே கொடு, சத்தமாகப் படிக்கச் சொல். அவர் படிப்பதை அப்படியே எழுத்து எழுத்தாக எனக்கு எழுது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் யாரும் இருக்க முடியாது.

அண்ணன்


ஏப்ரல் 16

அண்ணனுக்கு,

சீட்டைக் கொடுத்தேன். எல்லாம் சரியாகத்தான் படித்தார். நீ வீணாக மனதை அலட்டிக்கொள்ளாதே. துறைமுக யார்டில் வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு, அதிலும் தேறியிருக்கிறார்.

யூனிட்டில் பள்ளிக்கூட யூனிபாரம் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 24

தங்கச்சிக்கு,

நான் கேட்டது அவர் படித்த எண்களை. நீ எழுதியது "எல்லாம் சரி" என்று ஒரு வரி. என் முழங்காலை விசாரிக்காமல் நீ எழுதிய முதல் கடிதமும் இதுதான். உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். நீ எதை மூடி மறைத்தால் எப்படி எழுதுவாய் என்று எனக்குத் தெரியாதா?

திட்டுவதற்காக எழுதவில்லை. அவர் அந்த கிரேன் கூண்டை எத்தனை ஆசையாகப் பேசுவார் என்பதை நானும் கேட்டிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் கப்பலெல்லாம் செருப்பு மாதிரி தெரியும் என்பார். அதை விட்டுவிட்டு இறங்கி வா என்று ஒரு மனிதனிடம் சொல்வது லேசு இல்லை. போன வருஷம் நான் விளையாட்டாகச் சொன்னதற்கே கை கழுவிவிட்டார்.

ஆனால் அவர் தூக்குவது தீப்பெட்டி இல்லையம்மா. கீழே நிற்கிறவர்களும் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். யார்டுக்கு நானே எழுதிவிடலாமா என்று பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். அது உன் வீடு, அவர் உன் புருஷன். உனக்கு முன்னால் நான் வாய் திறப்பது முறையாகாது. ஆனால் தள்ளிப்போடாதே.

அண்ணன்


மே 20

தங்கச்சிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமாக இருந்தால் கோபமாகவே ஒரு வரி எழுது. போனை எடுத்தாலும் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். எனக்குத் தொழில் ஓடவில்லை.

அண்ணன்


ஜூன் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்தத் தடவை முதலில் அதைக் கேட்டுவிடுகிறேன்.

ஏப்ரலில் நான் எழுதியது பொய். சீட்டில் இருந்த மூன்றையெல்லாம் எட்டு என்று படித்தார். ஆறு சில தடவை எட்டு, சில தடவை பூஜ்யம். படித்து முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவருக்கே விளங்கிவிட்டது. "இன்னும் ஒரு வருஷம். அப்புறம் நானே இறங்கிடறேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லாத" என்றார். கண் பரிசோதனையில் எப்படித் தேறினீர்கள் என்று கேட்டேன். வரிசையில் முன்னால் நின்றவன் படித்ததைக் கேட்டு அதையே சொன்னாராம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன். அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதே இல்லை, அண்ணா.

அதன் பிறகு துறைமுகப் பக்கம் ஒரு சைரன் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடினேன். துணி வெட்டும்போது இரண்டு தடவை கத்தரி கோடு மாறிப் போனது. மேலாளர், "என்னம்மா, கண்ணு தெரியலையா?" என்றார். மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்து அழுதேன். உனக்கு என்ன எழுதுவது? எழுதினால் பொய்யைத்தான் எழுத வேண்டும்.

இந்த மாத ஆரம்பத்தில் ஒருநாள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு யார்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்றேன். மேலே அவர் கூண்டு. ஒரு கன்டெய்னர் ஆடாமல் அசையாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, ஓரடி தள்ளி நின்று ஒருவர் கை காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவாரே, அந்த மீசைக்கார சிக்னல்மேன். வேலை முடிந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணி, அண்ணன் பெட்டி இறக்கினா தொட்டில்ல குழந்தையைப் போடற மாதிரி. அவர் மேல இருந்தா நாங்க அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டோம்."

அந்த வார்த்தைதான் என்னை அடித்தது.

கூண்டிலிருந்து அவர் இறங்கி வந்தார். கேட்டை ஒட்டி ஒரு கன்டெய்னர் தனியாக நின்றது. கதவில் நம்பர், ஒவ்வொரு இலக்கமும் என் முழங்கை உயரம். "அதைப் படிங்க" என்றேன். சுற்றிலும் ஆட்கள். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. கிட்டே போனார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார், மறுபக்கமாகச் சாய்த்தார். பிறகு கையை உயர்த்தி முதல் இலக்கத்தின்மேல் விரலை வைத்து, பெயின்டின் ஓரத்திலேயே நகர்த்திக்கொண்டு போனார். பாதியில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது மூணா, எட்டா?"

"மூணுங்க."

விரலை எடுத்துக்கொண்டார். "ரேடியோல நம்பர் சொல்லுவாங்க. இத்தனை நாளா நான் கலரையும் எடத்தையும் வெச்சுத்தான் தூக்கிட்டிருந்தேன்" என்றார். "ரெண்டு தடவை மாத்தித் தூக்கிட்டேன். மீசை பார்த்துட்டு எனக்காகச் சமாளிச்சான்." சிக்னல்மேன் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார். என் கையில் சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டு நேராகச் சூப்பர்வைசர் அறைக்குள் போனார். நான் பின்னால் போகவில்லை.

டாக்டர் பார்த்தார். கண்ணுக்குள் நடுப்பகுதி தேய்ந்துபோயிருக்கிறதாம். நேராகப் பார்ப்பதுதான் மங்கும், ஓரப் பார்வை இருக்கும். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்ற மருந்து இருக்கிறது என்கிறார். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார்.

வீட்டில் இருக்கிறார். அதிகம் பேசுவதில்லை. நான் செய்தது சரியா என்று இப்போதும் புரியவில்லை, அண்ணா. எல்லார் முன்னாலும் அப்படிப் படிக்கச் சொல்லியிருக்க வேண்டாமோ?

தங்கை


ஆகஸ்ட் 4

மச்சானுக்கு,

இந்தத் தடவை நானே எழுதுகிறேன். போஸ்டர் எழுதுகிற தடிப் பேனா, ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் வருகிறது. அதனால் கட்டு பெரிதாக இருப்பதைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். உங்கள் உடம்பு எப்படி? ஒரு தடவை முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள். முன்னாலேயே வந்திருக்கலாமே என்று சொல்ல அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

உங்கள் தங்கச்சி தான் செய்தது சரியா என்று உங்களிடம் கேட்டிருக்கிறாளாம். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவள் வராமல் இருந்திருந்தால் நானாக அந்த அறைக்குள் போயிருக்க மாட்டேன். ஒரு வருஷம் என்று சொன்னதும் பொய்தான். அடுத்த வருஷமும் ஒரு வருஷம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்போது கீழே கயிறும் கொக்கியும் வைத்திருக்கிற கிடங்கில் போட்டிருக்கிறார்கள். கம்பிக் கயிற்றில் எங்கே இழை அறுந்திருக்கிறது என்று கையால் தடவிப் பார்க்கிற வேலை. முதல் வாரம் கசப்பாக இருந்தது. என் கூண்டில் வேறொரு ஆள் ஏறிப் போவதைப் பார்க்கக்கூடாது என்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். இப்போது திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். அவனுக்கு இறக்குவது இன்னும் கை வரவில்லை. நங்கென்று வைக்கிறான்.

ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 3021377 பகா எண் என்று இருவரும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டோம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை நான் எங்கிருந்து எடுத்தேன்? ஒரு கன்டெய்னர் கதவிலிருந்து. அப்போதே என் கண் கெட ஆரம்பித்திருந்ததா? எனக்குத் தெரியாது. அந்தக் கதவில் நிஜமாகவே மூன்று இருந்ததா, எட்டு இருந்ததா? அதுவும் தெரியாது. அந்தப் பெட்டி எந்தக் கடலைத் தாண்டி எங்கே கிடக்கிறதோ, இனி பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஒருவேளை எட்டாக இருந்திருந்தால், முதல் நாளே ஏழால் உடைந்து போயிருக்க வேண்டிய ஒன்றோடு ஒரு மழைக்காலம் பூராவும் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல எண் அதுதான் மச்சான். அது என் கண்ணால் கிடைத்ததா, கண் கெட்டதால் கிடைத்ததா என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

உங்கள் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வாங்கிப் படிக்கிறாள். இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எட்டா இருந்தா என்னங்க, நீங்க போட்ட கணக்கு மூணுக்குத்தானே" என்கிறாள். நியாயம்தான்.

அடுத்தது உங்கள் முறை. பெரிதாக எழுதி அனுப்புங்கள், ஒரு வரிக்கு ஒரு இலக்கம். ஒன்றையும் ஏழையும் பிரித்து எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அது என் கண் நன்றாக இருந்த காலத்திலேயே அப்படித்தான்.

உங்கள் மாப்பிள்ளை